தரகர் யாருடைய ஆள்?

மதுரை ஜில்லாவிலிருந்து நமது நேயர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷ காலம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தையும், மனைவியின் நகைகளை விற்ற பணத்தையும், மகன் பாங்கியில் வாங்கிய கடனையும் ஒன்று சேர்த்து, ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். வீட்டைக் காட்டியவர் ஒரு தரகர். "அண்ணே, நீங்கள் எனக்குக் கூடப் பிறந்தவர் மாதிரி; உங்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று என்னிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் குறைத்து முடித்துத் தருகிறேன்" என்றாராம் அத்தரகர். நமது நேயரும், "எப்படிப் புரட்டினாலும் 65 லட்சத்துக்கு மேல் இயலாது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். கிரயம் 64 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது. வாங்கியவரும் விற்றவரும் நூற்றுக்கு ஒன்று வீதம் தரகு கொடுத்தார்கள்.

பத்திரம் பதிவாகும் நாளன்று, ரிஜிஸ்திரார் ஆபீஸ் தாழ்வாரத்தில் காத்திருக்கும்போது, வீட்டை விற்றவர் பேச்சு வாக்கில் ஒன்று சொன்னார்: "நான் 60 லட்சத்துக்கே கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். தரகர்தான் சற்றுப் பொறுங்கள், வாங்குகிறவர் 65 வரையில் வருவார் என்றார்." நமது நேயருக்குத் தலை சுற்றியது. நாலரை லட்சம் ரூபாய் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. "அந்தத் தரகர் என்னுடைய ஆள் என்று நம்பினேன். அவர் கையில் 64 ஆயிரத்து 500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அவர் உண்மையில் யாருடைய ஆள்? நான் கொடுத்த தரகைத் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா?" என்று நம்மைக் கேட்கிறார்.

இக்கேள்வி ஒருவருடைய சொந்த விவகாரமன்று. தமிழ்நாட்டில் வீடு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது. அநேகமாக ஒரு குடும்பமும் கேட்பதில்லை. தேச காரியங்களில் ஈடுபட்ட நமது வாசகர்கள், சட்டசபையில் நிற்பவன் யாருக்குப் பிரதிநிதி என்று கேட்கத் தயங்குவதில்லை. ஆனால் தங்கள் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒருவனுடைய வாய்ச்சொல்லை நம்பிக் கொட்டும்போது மட்டும் அக்கேள்வியை மறந்துவிடுகிறார்கள். ஆகையால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

தரகர் யாருடைய ஆள் என்று கடைத்தெருவில் கேட்டால், "இரண்டு பேருக்கும் பொது" என்பார்கள். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரு கணம் சிந்திப்போம். விற்பவனுக்கு வேண்டியது அதிக விலை; வாங்குபவனுக்கு வேண்டியது குறைந்த விலை. ஒருவன் பெறும் ஒவ்வொரு ரூபாயும் மற்றவன் இழக்கும் ரூபாய். விற்பவன் சுவரின் வெடிப்பைப் பூசி மறைக்க விரும்புகிறான். வாங்குபவன் அதைக் காண விரும்புகிறான். விற்பவனுடைய கடைசி விலையும் வாங்குபவனுடைய கடைசி விலையும் ஒரே மனிதனுடைய காதில் விழுந்துவிட்டால், அம்மனிதன் எதைச் சொன்னாலும் ஒருவனுக்குத் துரோகம்; எதையும் சொல்லாமல் இருந்தால் இருவருக்கும் பயனில்லை. "பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்" என்று நம் முன்னோர்கள் சொன்னது இத்தகைய உத்தியோகத்தைப் பற்றித்தான்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதன் 182-வது பிரிவின்படி, பிறனொருவனுக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, அந்நியர்களுடன் நடக்கும் விவகாரங்களில் அவனுக்குப் பிரதிநிதியாக நிற்கவோ அமர்த்தப்பட்டவனே காரியஸ்தன். அமர்த்தியவன் எஜமானன். காரியஸ்தன் எஜமானனுடைய கட்டளைப்படி நடக்க வேண்டும். திறமையோடும் ஊக்கத்தோடும் உழைக்க வேண்டும். கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். எஜமானனுக்குத் தெரியாமல் தன் சொந்த லாபத்துக்காக அதே காரியத்தில் புகுந்தால், அந்த லாபத்தை எஜமானன் கேட்டு வாங்கலாம் என்று 216-வது பிரிவு கூறுகிறது. நடத்தை தவறிய காரியஸ்தன், தவறு செய்த அளவில் கூலி பெற உரிமையற்றவன் என்பது 220-வது பிரிவு.

இவற்றுள் பொது ஜனங்கள் சிறிதும் அறியாதது 185-வது பிரிவு. காரியஸ்தனாவதற்குப் பணம் கைமாற வேண்டிய அவசியமே இல்லை என்பது அதன் கருத்து. அப்படியானால் அதன் மறுபுறத்தையும் உணர வேண்டும். பணம் கொடுத்ததனாலேயே ஒருவன் நமக்குக் காரியஸ்தனாகிவிடுவதில்லை. "நான் தரகு கொடுத்தேன், ஆகையால் அவன் என் ஆள்" என்று நமது நேயர் எண்ணினார். யார் அமர்த்தினார்கள், எந்தக் காரியத்துக்கு அமர்த்தினார்கள் என்பதே சட்டத்தின் கேள்வி. விற்பவன் முன்னதாகவே தரகரை அழைத்து, "என் வீட்டுக்கு ஆள் பார்" என்று சொல்லியிருந்தால், அந்தத் தரகர் விற்பவனுடைய காரியஸ்தர். பின்னால் வந்தவர் அவர் கையில் திணித்த பணம் அந்த உறவை அழித்துவிடாது.

நமது பட்டணங்களில் நடமாடும் தரகர்களை நாம் நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது வகை, விற்பவனுடைய ஆள். வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கும். வாசலில் தொங்கும் பலகையில் அவருடைய டெலிபோன் நம்பர் இருக்கும். வீட்டைக் காட்டும்போது கிணற்றுத் தண்ணீரின் இனிப்பைப் பற்றிப் பேசுவார். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டார். இதில் குற்றம் ஒன்றுமில்லை. அவர் தம் எஜமானனுக்கு உழைக்கிறார். அவரை நம் ஆள் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் குற்றம்.

இரண்டாவது வகை, வாங்குபவனுடைய ஆள். இவர்கள் அபூர்வம். "எனக்கு இன்ன இடத்தில், இன்ன விலைக்குள் வீடு வேண்டும், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்துச் சொல், விற்பவனிடம் ஒரு காசும் வாங்காதே" என்று சொல்லி, அதற்குரிய கூலியையும் பேசி ஒருவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. பத்து ரூபாய் மருந்துக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட இதற்கென்று ஒரு மனிதரை நியமிப்பதை வீண் செலவு என்று எண்ணுகிறார்கள்.

மூன்றாவது வகை, இரு பக்கமும் தரகு வாங்குகிறவர். ஊரில் பெரும்பாலோர் இவரே. இவர் யாருக்கும் பாதகமில்லாமல் நடப்பார் என்று நினைப்பது பேதைமை. இரு பக்கமும் வாங்கினாலும் மனம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். எந்தப் பக்கம்? நமது நேயர் கடிதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. விலை 60 லட்சமாக இருந்தாலும் 64½ லட்சமாக இருந்தாலும், இரு பக்கமும் சேர்த்துத் தரகருக்கு வித்தியாசம் 9,000 ரூபாய்தான். அந்த ஒன்பதினாயிரத்துக்காகவா அவர் இவருடைய நாலரை லட்சத்தைக் காட்டிக்கொடுத்தார்? கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நமது நேயர் போகிற போக்கில் குறிப்பிடுகிறார்: விற்றவருக்கு அதே பகுதியில் இன்னும் ஆறு மனைகள் இருக்கின்றனவாம். வீடு வாங்குகிறவன் ஆயுளில் ஒரு முறை வருகிறவன். மனைகள் வைத்திருப்பவன் மறுபடியும் மறுபடியும் வருகிறவன். தரகர் எந்தக் கதவைத் தட்டிப் பிழைக்க வேண்டுமோ, அந்தக் கதவுக்கு உரியவனே அவருக்கு எஜமானன். மனித சுபாவம் இது, இதில் வியப்பில்லை.

விற்பவர்களும் இதில் தாங்கள் எப்போதும் ஜயித்தவர்கள் என்று இறுமாந்துவிட வேண்டாம். நூற்றுக்கு ஒன்று வாங்குகிறவருக்கு, விலை இன்னும் ஒரு லட்சம் ஏறினால் கிடைப்பது ஆயிரம் ரூபாய். அதற்காக இரண்டு மாதம் அலைவதைக் காட்டிலும், இன்றைக்கே ஒரு லட்சம் குறைத்து முடித்துவிடுவது அவருக்கு லாபம். அவசரப்படும் விற்பனைக்காரரிடம் "இதற்கு மேல் ஒருவனும் தரமாட்டான்" என்று அவர் சொல்லும்போது, அது சந்தையின் நிலவரமா, தரகருடைய களைப்பா என்று சொல்ல முடியாது.

நான்காவது வகை, தமக்குத் தாமே ஆள். இவரே மிகவும் அபாயகரமானவர். நிலத்துக்காரரிடம் சிறிது அச்சாரம் கொடுத்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். கூடவே தம் பெயரிலோ தம் மைத்துனன் பெயரிலோ ஒரு பொது அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொள்கிறார். பிறகு அதே இடத்தை வேறொருவருக்கு அதிக விலைக்குப் பேசி, நடுவில் நிற்கும் தொகையை முழுவதும் தாமே எடுத்துக்கொள்கிறார். அதன் மேல் இரு பக்கமும் தரகும் கேட்கிறார்! நிலத்துக்காரர் இவரைத் தம் காரியஸ்தர் என்று நம்புகிறார், வாங்குபவர் தம் நண்பர் என்று நம்புகிறார், இவரோ வியாபாரி. பொது அதிகாரப் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் மட்டும் சொத்துரிமையை மாற்றிக் கொடுத்துவிடமாட்டா என்று 2011-ஆம் வருஷத்தில் சூரஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் ஐயமறத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காரியஸ்தன் எஜமானனுக்காகக் கிரயம் எழுதிக் கொடுப்பதற்கு அதிகாரப் பத்திரம் இன்றும் செல்லும். அந்தப் போர்வைக்குள் இவ்வியாபாரமும் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீடு விற்பவர் ஒரு தரகரை அமர்த்துவார். அவர் வீட்டின் விவரத்தைப் பொதுப் பட்டியலில் சேர்ப்பார். வேறொரு தரகர் வாங்குபவரைத் தம் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வீடு வீடாகக் காட்டுவார். வாங்கும் குடும்பம் அவரைத் தம் மனிதராகவே பாவித்து, தங்கள் பண நிலைமை, அவசரம், ஆசை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிடும். ஆனால் அக்காலத்து வழக்கப்படி இந்த இரண்டாவது தரகரும் விற்பவருக்கே உபகாரியஸ்தர்! கேட்டதை விற்பவருக்குச் சொல்ல வேண்டியது அவருடைய கடமை. 1983-ஆம் வருஷத்தில் அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷன் அதிகாரிகள் ஆராய்ந்தபோது, வாங்குபவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அத்தரகரைத் தங்கள் பிரதிநிதி என்றே நம்பியிருந்ததாகத் தெரியவந்தது. அதன் பிறகு ராஜ்யம் ராஜ்யமாகச் சட்டங்கள் வந்தன. தரகர் தாம் யார் பக்கம் என்பதை வெளியிட வேண்டுமென்று விதித்தார்கள். புளோரிடா, கொலராடோ போன்ற ராஜ்யங்கள் ஒரே தரகர் இருவருக்கும் பிரதிநிதியாக நிற்பதையே தடை செய்தன. இருவருக்கும் பொதுவாக நடுவில் நிற்க விரும்புகிறவர், ஒருவருக்கும் முழுப் பிரதிநிதியாக நிற்க முடியாது.

அங்கும் வியாதி உடனே தீர்ந்துவிடவில்லை. தரகு முழுவதையும் விற்பவர் கொடுப்பது, அதை இரு தரகர்களும் பங்கிட்டுக்கொள்வது என்ற ஏற்பாடு தொடர்ந்தது. வாங்குபவருக்காக வாதாட வேண்டியவர், விற்பவருடைய பணத்தில் கூலி பெற்றார். இந்த ஏற்பாடு தரகு விகிதத்தைச் செயற்கையாக உயர்த்தி வைப்பதற்கான கூட்டுச் சதி என்று மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் விற்பனைக்காரர்கள் தொடுத்த வழக்கில், 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜூரிகள் சுமார் 178 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தார்கள். 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு ரியல்டர்களின் தேசிய சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க இசைந்து சமரசம் செய்துகொண்டது. அந்த ஆகஸ்டு 17-ஆம் தேதி முதல், அப்பொதுப் பட்டியல்களைப் பயன்படுத்தும் தரகர், வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, தாம் பெறும் கூலி எவ்வளவு என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது.

இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே எஸ்டேட் ஏஜெண்டு சாதாரணமாக விற்பவருடைய ஆள்; அது ஊரறிந்த விஷயம்; வாங்குபவர் தம் காரியங்களைத் தம் சொந்த வக்கீலைக் கொண்டு பார்த்துக்கொள்கிறார். ஏஜெண்டுக்கு அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியதை ஏதேனும் இருந்தால், பேச்சு ஆரம்பிக்குமுன் அதை வெளியிட வேண்டும் என்று 1979-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. இரு தேசங்களின் முறைகளும் வேறு வேறாயினும், கற்க வேண்டிய பாடம் ஒன்றே: தரகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டிலும், அவர் நிற்கும் பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

நமது தேசத்தில் இதற்கு ஒரு சட்டமே இல்லையென்று சொல்வதற்கில்லை. பார்லிமெண்டு 2016-ஆம் வருஷத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 மே மாதம் முதல் அது பூராவும் அமலுக்கு வந்தது. புதிய குடியிருப்புத் திட்டங்களிலும் மனைப் பிரிவுகளிலும் விற்பனைக்குத் துணை செய்யும் ஏஜெண்டுகள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்க உதவலாகாது. கணக்குப் புஸ்தகங்கள் வைத்திருக்க வேண்டும். முன்பதிவின் போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் தஸ்தாவேஜுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரையில் அபராதம். ஏஜெண்டு என்பவர் யார் என்று சொல்ல வந்த பிரிவு, "ஒருவர் சார்பாக" மற்றொருவருடன் பேரம் பேசுபவர் அல்லது காரியம் செய்பவர் என்றே ஆரம்பிக்கிறது. ஒருவர் சார்பாக! சட்டம் எழுதியவர்களுடைய மனத்தில் உண்மை பளிச்சென்று தோன்றியிருக்கிறது. ஆனால் எந்த ஒருவர் சார்பாக என்பதை அவர் வாங்குபவரிடம் எழுதிக் கொடுத்தே தீர வேண்டுமென்று எங்கும் விதிக்க மறந்துவிட்டார்கள்.

இதை விடப் பெரிய குறை மற்றொன்று. இச்சட்டம் புதிய திட்டங்களுக்கே உரியது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டப்படும் சிறு கட்டிடங்கள் திட்டப் பதிவிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்கும் தரகரை இச்சட்டம் தொடுவதே இல்லை. நமது நேயர் வாங்கியது அத்தகைய வீடுதான். பெரிய கம்பெனியின் அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவருக்குச் சட்டத்தின் குடை இருக்கிறது. மூன்றாவது தெருவில் ஓட்டு வீடு வாங்குகிறவர் வெயிலில் நிற்கிறார்.

சர்க்காரைக் குறை கூறி இத்துடன் நிறுத்திவிடுவது எளிது. ஆனால் குற்றத்தில் பாதி நம் ஜனங்களுடையது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. தரகரிடம் ஏன் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வாங்குவதில்லை? மறதியினாலா? இல்லை. மெய்யான விலையைக் காகிதத்தில் எழுத நமக்கே விருப்பமில்லை. பேசிய விலை ஒன்று; பத்திரத்தில் எழுதும் விலை மற்றொன்று. சர்க்கார் நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரம் எழுதி, மிச்சத்தை ரொக்கமாகக் கைமாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் என்று படித்தவர்களே பேசிக்கொள்கிறார்கள். ஸ்தாவர சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015-ஆம் வருஷத்துத் திருத்தம் முதல் வருமான வரிச் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் துணிப்பையில் பணம் போவது நின்றபாடில்லை.

இந்தத் துணிப்பையைச் சுமக்கிறவர் யார்? தரகர்! விற்பவனும் வாங்குபவனும் சர்க்காரிடமிருந்து ஒளிக்கும் இரகசியத்துக்கு அவரே காவலர். இருவருடைய குற்றத்தையும் அறிந்தவர் இருவருக்கும் ஊழியராக எப்படி இருப்பார்? அவர் எஜமானராகிவிடுகிறார், எஜமானர்கள் இருவரும் அவருக்கு அஞ்சுகிறவர்களாகிவிடுகிறார்கள். பின்னால் அவர் மோசம் செய்தாலும் கோர்ட்டுக்குப் போக வாயில்லை. வரியில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், நம்மை ஏமாற்றும் உரிமையை நாமே ஒருவருக்கு இனாமாகச் சாசனம் செய்து கொடுக்கிறோம்.

தரகர்கள் மீது நமக்கு விரோதமில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களில் பலர் சொற்ப வருவாயில் குடும்பம் நடத்துகிறவர்கள். பத்து வீடு காட்டினால் ஒன்று முடியும். அந்த ஒன்று முடியும்போதும், விற்பவரும் வாங்குபவரும் தரகருக்குத் தெரியாமல் தனியே சந்தித்துப் பத்திரத்தை முடித்துக்கொண்டு, "உன்னை யார் அழைத்தார்கள்?" என்று கைவிரிப்பதும் உண்டு. யோக்கியமான தரகருக்கு அப்போது கோர்ட்டில் காட்ட ஓர் அத்தாட்சியும் இல்லை. வாய்ச்சொல்லில் நடக்கும் தொழிலில் யோக்கியன் பட்டினி கிடக்கிறான், சாமர்த்தியசாலி கொழுக்கிறான். எழுத்து வந்தால் வாங்குபவனுக்கு எவ்வளவு பாதுகாப்போ, அவ்வளவு பாதுகாப்பு நல்ல தரகருக்கும் உண்டு.

ஆகவே நாம் கோருவது இதுதான். பழைய வீடுகளின் விற்பனையில் ஈடுபடும் தரகர்களும் பதிவு பெற வேண்டும். வீட்டைக் காட்டுமுன், தாம் விற்பவருடைய ஆளா, வாங்குபவருடைய ஆளா, ஒருவருக்கும் ஆளல்லாமல் அறிமுகம் மட்டும் செய்பவரா என்பதை ஒரு பக்கத் தமிழ்க் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். யாரிடமிருந்து எவ்வளவு கூலி பெறுகிறார் என்பதும், அந்தச் சொத்தில் தமக்கோ தம் உறவினருக்கோ ஒப்பந்தமோ அதிகாரப் பத்திரமோ உண்டா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். கிரயப் பத்திரத்திலேயே தரகருடைய பெயரையும் அவர் பெற்ற தரகையும் குறிக்க ஏற்பாடு செய்தால் இன்னும் உத்தமம். இதற்குப் புதிய இலாகா வேண்டியதில்லை. பெரும் பொக்கிஷமும் வேண்டியதில்லை. சட்டசபையில் ஒரு திருத்தமும், அதை நிறைவேற்றும் மனமும் போதும்.

அது வரும் வரையில் ஜனங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தரகரைச் சந்தித்த முதல் நாளே மூன்று கேள்விகள் கேளுங்கள். உம்மை முதலில் அமர்த்தியது யார்? மறுபக்கத்திலிருந்து உமக்கு என்ன வருகிறது? இந்த இடத்தில் உமக்குச் சொந்தப் பாத்தியதை உண்டா? விடையை எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறவரிடம் உங்கள் கடைசி விலையைச் சொல்லாதீர்கள். பத்திரங்களைப் பார்க்க உங்கள் சொந்த வக்கீலை வையுங்கள். தரகர் சிபாரிசு செய்யும் வக்கீலை வைக்காதீர்கள். தரகைப் பாங்கி மூலம் கொடுத்து ரசீது பெறுங்கள். வட்டந்தோறும் கிளைச் சங்கங்கள் வைத்திருக்கும் நமது தேசபக்த ஊழியர்கள், கொடியேற்றுவதற்கும் கூட்டம் போடுவதற்கும் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பகுதியை, வீடு வாங்கப் போகும் ஏழைக் குடும்பத்துக்கு இந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பதில் செலவிட்டால், அதுவும் தேச சேவையே.

நமது நேயருக்கு விடை கூற வேண்டும். தரகர் தமக்காகப் பேசுவதாக ஏற்றுக்கொண்டார் என்பதையும், நம்பிச் சொன்ன கடைசி விலையை மறுபக்கத்துக்குத் தெரிவித்தார் என்பதையும் ருசுப்படுத்த முடிந்தால், கொடுத்த தரகைத் திருப்பிக் கேட்கவும், நஷ்டத்துக்கு ஈடு கோரவும் ஒப்பந்தச் சட்டத்தில் இடமுண்டு. எழுத்து இல்லை என்பதனால் மட்டும் உரிமை அழிந்துவிடாது. காரியஸ்தனுடைய நியமனம் நடத்தையிலிருந்தும் ஊகிக்கப்படலாம். ஆனால் தரகு ரொக்கமாகப் போயிருக்கிறது, ரசீது இல்லை, தாழ்வாரத்தில் உண்மையைச் சொன்ன விற்பனைக்காரர் சாட்சிக் கூண்டில் அதையே சொல்வார் என்பது நிச்சயமில்லை. சட்டம் அவர் பக்கம் இருக்கக்கூடும். சாட்சியம் அவர் பக்கம் இல்லை. இதை எழுத நமக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவருடைய கடிதத்தைப் படித்தாவது மற்றவர்கள் விழித்துக்கொண்டால், நாலரை லட்சம் முழுவதும் வீணாகவில்லை என்று அவர் ஆறுதல் கொள்ளலாம்.

கம்பெனி ஆட்சியின் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் என்று ஒரு வகுப்பார் இருந்தார்கள். இரு பாஷை அறிந்தவன் என்பதே அச்சொல்லின் பொருள். வெள்ளைக்கார வர்த்தகனுக்கும் நமது நாட்டு மக்களுக்கும் நடுவில் நின்று அவர்கள் பேசினார்கள். நம் பாஷையைப் பேசினதனால் அவர்களை நம்மவர் என்று எண்ணினவர்கள் பலர். அவர்களுக்குப் படியளந்தது எந்தக் கை என்று பார்க்கத் தவறினார்கள். அந்தத் தவற்றின் விலையை ஒரு தேசம் முழுவதும் கொடுத்தது. இன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வாசற்படியில் அதே தவற்றைச் செய்ய வேண்டியதில்லை. நமக்காகப் பேசுவதாகச் சொல்லி வருகிறவன் எவனாயினும், "நீ யாருடைய ஆள்?" என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு நாற்காலி போடுவோமாக.